உணவு, உழைப்பு, நீரிழிவு: ஒரு சரித்திர நோக்கு

நோய்களின் சரித்திரம் வைத்தியர்களின் சரித்திரம் மட்டுமன்று. மக்கள் எதை உண்டனர், எவ்வாறு உழைத்தனர், அவர்தம் உணவையும் உழைப்பையும் நிர்ணயித்த சக்திகள் யாவை என்னும் வினாக்களுக்கான விடையும் அதனுள் அடங்கியுள்ளது. நம்மவர் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் வழங்கும் நீரிழிவைப் போல இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் நோய்கள் சிலவே.

இந்நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இரத்தத்தில் சீனியின் அளவு இயல்பு நிலையைக் கடந்து மெல்ல உயரத் தொடங்குகிறது. இதனை நீரிழிவுக்கு முந்திய நிலை என்பர். இந்நிலையிலுள்ளோர் உணவைச் சீர்செய்து உடலுக்கு உழைப்புக் கொடுத்தால் நோயைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும் என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. ஆயின், இவ்வுண்மை மக்களைச் சென்றடையும்போது "குறைவாக உண், நிறைய நட" என்னும் வெறும் புத்திமதியாகச் சுருங்கிவிடுகிறது. நோயுற்றவன் நாவை அடக்கத் தெரியாதவன், சோம்பேறி என்னும் பழிச்சொல் அதன் பின்னே வருகிறது. மருத்துவ உண்மையை முழுமையாக ஏற்றுக்கொண்டு, அதன் மேல் ஏற்றப்பட்ட இப்பழியை மறுப்பது எங்ஙனம்? இதற்குச் சரித்திரத்தின் துணை நமக்கு வேண்டும்.

பழைய நூலும் பழைய சமுதாயமும்

இனிக்கும் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்டு இந்நோய்க்கு மதுமேகம் எனப் பெயரிட்டனர் பண்டைய இந்திய வைத்தியர். மேக நோயாளரைச் சுசுருத சங்கிதை இரு வகையினராகப் பிரிக்கிறது. பிறவியிலேயே நோய்க்கு ஆளாகி மெலிந்திருப்போர் ஒரு வகையினர். பகலுறக்கம், உடலுழைப்பின்மை, இனிப்பும் கொழுப்பும் மிகுந்த உணவு ஆகியவற்றால் நோயுற்றுப் பருத்திருப்போர் மற்றொரு வகையினர். இன்றைய விஞ்ஞானம் காணும் இரு பெரும் பிரிவுகளின் சாயல் இங்கே தென்படுவது வியப்புக்குரியது.

ஆயினும், நம் கவனத்தை மேலும் ஈர்ப்பது அந்நூல் கூறும் சிகிச்சையே. பொருளற்றவன் பாதரட்சையும் குடையுமின்றி, பிச்சையேற்று உண்டு, ஓர் ஊரில் ஓரிரவுக்கு மேல் தங்காது, நூறு யோசனைக்கு மேல் நடக்கவேண்டும். பெருஞ்செல்வன் காட்டுத் தானியங்களையும் நெல்லி முதலிய கனிகளையும் உண்டு மான்களோடு வனத்தில் வாழவேண்டும். பிராமணன் வயலிற் சிந்திய தானியத்தைப் பொறுக்கி உண்ண வேண்டும். ஏனையோர் ஓயாது உழவேண்டும்; அல்லது கிணறு வெட்டவேண்டும். மெலிந்தவனை மட்டும் எப்போதும் பாதுகாக்கவேண்டும்.

தீட்டாத தானியம், நெடுநடை, வியர்வை சிந்தும் வேலை ஆகியவையே மருந்து என்பதை அக்கால வைத்தியர் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர். ஆனால், மருந்துச் சீட்டு ஒன்றாக இல்லை. வர்ணத்துக்கும் செல்வத்துக்கும் ஏற்ப அது வேறுபடுகிறது. மேலும், உழுதலும் கிணறு வெட்டுதலும் மருந்தாகக் கூறப்படுகின்றனவென்றால், அவற்றை வயிற்றுப்பாட்டுக்காக நாள்தோறும் செய்துவந்த பெரும்பான்மை மக்களிடையே இந்நோய் அரிதாகவே இருந்திருக்கவேண்டும் என நாம் ஊகிக்கலாம். உழைப்பின்றி உண்டவர்களின் நோய், உழைப்பவர்களின் வீடுகளுக்குள் எவ்வாறு புகுந்தது?

சீனியின் பாதை

கரும்பைப் பிழிந்து சர்க்கரை காய்ச்சும் வித்தையை இந்தியா பண்டே அறிந்திருந்தது. எனினும் அதனை உலகச் சந்தையின் பெரும் பண்டமாக்கியது ஐரோப்பியரின் தோட்ட முறையே. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் கரிபியன் தீவுகளிற் சிந்திய இரத்தத்தில் அத்தோட்டங்கள் வளர்ந்தன. ஒரு காலத்திற் பிரபுக்களின் மேசைக்கு மட்டும் உரியதாயிருந்த சீனி, 19 ஆம் நூற்றாண்டிற் பிரித்தானியத் தொழிலாளியின் கோப்பைக்கு வந்து சேர்ந்தது. 1874 இல் சீனி மீதான இறக்குமதி வரி அங்கு முற்றாக நீக்கப்பட்டது. ஆலையில் நீண்ட நேரம் உழைத்தவனுக்குச் சமைத்து உண்ண நேரமில்லை. நல்ல உணவு வாங்கக் கூலி போதாது. வெள்ளை ரொட்டியும் பழப்பாகும் சீனி கரைத்த தேநீரும் அவனது பசியை மலிவாக ஆற்றின. அத்தேநீருக்கான கொழுந்தைப் பறித்த கைகளுள் நமது மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளரின் கைகளும் இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

சீனித் தோட்டங்களோடு தமிழருக்கு இதனினும் நேரான தொடர்பொன்று உண்டு. 1860 நவம்பர் 16 ஆம் நாள், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்ற துரூரோ என்னும் கப்பல் தென்னாபிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைக்கத் தமிழரும் தெலுங்கரும் பிறரும் தொடர்ந்து சென்றனர். ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின், அம்மக்களின் சந்ததியாரிடையே நீரிழிவு மிகுதியாக இருப்பதை அங்குள்ள வைத்தியர்கள் கண்டனர். அவர்களுள் ஒருவரான கம்பெல், நகரத்துக்குக் குடிபெயர்ந்த சூலு மக்களையும் ஆராய்ந்து, நகர வாழ்வு தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகளின் பின்னரே இந்நோய் தலைகாட்டுகிறது எனக் கூறினார். தீட்டிய சீனியே காரணமென அவரும் கிளீவ் என்பவரும் 1966 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டனர். சீனி ஒன்றையே காரணமாகக் கொள்வதை இன்றைய விஞ்ஞானம் ஏற்பதில்லை. பரம்பரை, உடற்பருமன், உழைப்புக் குறைவு, மொத்த உணவின் தன்மை எனக் காரணங்கள் பல. ஆனால், வாழ்க்கை முறை மாறியபின் நோய் வருவதற்கு ஒரு தலைமுறை செல்கிறது என்னும் அவதானிப்பு ஆழ்ந்த பொருளுடையது. நிலத்தினின்றும் பெயர்க்கப்பட்ட மக்கள், தாம் தெரிவு செய்யாத உணவுக்கும் வாழ்வுக்கும் உடலால் விலை கொடுக்கின்றனர்.

முற்றுகையும் பஞ்சமும்

உணவுக் குறைவுக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பை ஐரோப்பிய வைத்தியத்துக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு யுத்தம். 1870 செப்டம்பர் முதல் 1871 ஜனவரி வரை பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டன. உணவு அருகியது. அந்நகரிற் பணியாற்றிய வைத்தியர் பூசார்தா, தமது நோயாளர் சிலரின் சிறுநீரில் சீனி குறைந்து மறைந்துபோவதைக் கண்டார். குறைந்த உணவும் கடினமான தேகாப்பியாசமும் அவரது சிகிச்சை முறையின் தூண்களாயின.

இக்கண்டுபிடிப்புக்கு எல்லையும் உண்டு. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் அலன் என்னும் வைத்தியர் பட்டினிச் சிகிச்சையைக் கடுமையாகக் கையாண்டார். சதையி இன்சுலின் சுரப்பதை அறவே நிறுத்திவிட்ட சிறுவர்களின் உயிரைச் சில காலம் அது நீட்டியது. எலும்புந் தோலுமாக அவர்கள் வாடினர். 1922 ஜனவரியில் ரொறன்ரோ நகரில் ஒரு சிறுவனுக்கு முதன்முறையாக இன்சுலின் செலுத்தப்பட்ட பின்னரே அவ்வகை நோயாளருக்கு மெய்யான வாழ்வு கிடைத்தது. உணவுக் கட்டுப்பாட்டை எல்லா நீரிழிவுக்கும் மருந்தெனப் பரப்புவோர் இதனை மனத்திருத்த வேண்டும். அவ்வகை நோய் உணவினால் தடுக்கப்படுவதன்று. இன்சுலின் இன்றி அவர்கள் வாழ இயலாது. நமது கட்டுரை பேசுவது, நடுவயதினரைப் பெரும்பாலும் பற்றும் மற்ற வகையைப் பற்றியே.

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட 1921 ஆம் ஆண்டிலேயே பொஸ்ரன் நகர வைத்தியர் ஜொஸ்லின், நீரிழிவைத் தடுப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அமைதியான ஒரு கிராமத்தில் அடுத்தடுத்து நின்ற மூன்று வீடுகளிற் குடியிருந்த எழுவரில் அறுவர் இந்நோயால் இறந்தனர். ஆயினும் அதனைக் கொள்ளைநோயென எவரும் கூறவில்லை. தொற்றுக் காய்ச்சலால் அவர்கள் இறந்திருந்தால் சுகாதார அதிகாரிகள் எத்துணை விரைந்து செயற்பட்டிருப்பர் என்று அவர் கேட்டார். தனிமனிதரின் துரதிர்ஷ்டமாகக் கருதப்பட்ட ஒன்றைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகக் கண்ட அக்கேள்வி, நூறாண்டு கடந்தும் தன் கூர்மையை இழக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் மேலும் இரு பாடங்களை விட்டுச்சென்றது. பிரித்தானியாவில் 1940 முதல் 1953 செப்டம்பர் வரை சீனி பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. பங்கீடு நீங்கியதும் நாளொன்றுக்கு ஒருவர் உட்கொண்ட சீனி ஏறத்தாழ 40 கிராமிலிருந்து 80 கிராமாக உயர்ந்தது. கருவிலும் பிறந்த முதலிரு ஆண்டுகளிலும் பங்கீட்டுக் காலத்தில் வளர்ந்தோரையும் அதன்பின் வளர்ந்தோரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2024 இல் வெளிவந்தது. முன்னவருக்கு நீரிழிவு வரும் அபாயம் ஏறத்தாழ 35 சதவீதம் குறைவு என்றும், வந்தவர்க்கும் நான்காண்டுகள் பிந்தியே வந்தது என்றும் அது காட்டிற்று.

மற்றப் பாடம் ஒல்லாந்திலிருந்து வந்தது. 1944-45 குளிர்காலத்தில் நாஜிகளின் ஆக்கிரமிப்பின் கீழ் அந்நாட்டின் மேற்குப் பகுதி கொடும் பஞ்சத்தில் ஆழ்ந்தது. அப்போது தாய் வயிற்றிலிருந்த குழந்தைகள் நடுவயதை அடைந்தபோது, அவர்தம் உடல் சீனியைக் கையாளும் திறன் குன்றியிருந்ததை ஆய்வாளர் கண்டனர்.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்குதல் அவசியம். எல்லோருக்கும் அளவோடு பங்கிடப்பட்ட உணவு தலைமுறையைக் காத்தது. பட்டினியோ அடுத்த தலைமுறையின் இரத்தத்தில் நோயை எழுதிவைத்தது. வறுமை நீரிழிவுக்கு மருந்தன்று. அது நீரிழிவின் வித்து. கருவுற்ற தாய் அரைவயிறு உண்ணும் வீட்டிற் பிறக்கும் பிள்ளை, பின்னாளில் மலிவான மாவையும் சீனியையும் உண்டு வளரும்போது இருமுனைத் தாக்குதலுக்கு ஆளாகிறது.

தாச்சிங் தந்த சான்று

அவதானிப்புகள் சான்றாகிவிடா. நோய் வருமுன் தடுக்க இயலும் என்பதை ஒழுங்கான பரிசோதனையால் காட்டுவதற்கு, முதலில் நோய்க்கு முந்திய நிலையை வரையறுக்கவேண்டியிருந்தது. 1979-80 ஆண்டுகளில் அமெரிக்க நிபுணர் குழுவும் உலக சுகாதார நிறுவனமும் இதனைச் செய்தன. 75 கிராம் குளுக்கோசைக் குடித்து இரண்டு மணி நேரத்தின் பின், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 140 முதல் 199 மில்லிகிராம் வரை சீனி இருப்பின் அது முந்திய நிலை; 200 ஐ எட்டினால் நோய். இன்றைய வரையறையின்படி வெறும் வயிற்றில் 126 ஐ எட்டினாலும் நோயே. வெறும் வயிற்றில் முந்திய நிலை 110 இல் தொடங்குகிறதென உலக சுகாதார நிறுவனமும், 100 இல் தொடங்குகிறதென அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் கொள்கின்றன.

வடகிழக்குச் சீனத்தில் உள்ள தாச்சிங், 1959 இல் எண்ணெய் கண்டெடுக்கப்பட்ட பின் எழுந்த நகரம். உறைபனியில் மண்குடிசைகளில் வாழ்ந்துகொண்டு எண்ணெய்க் கிணறு தோண்டிய தொழிலாளரின் பெயர் அறுபதுகளில் உலகெங்கும் பரவிற்று. கைத்தொழிலில் தாச்சிங்கைப் பின்பற்றுக என்பது அந்நாளையச் சீனத்தின் சுலோகம். அதே நகரம் பிறிதொரு காரணத்துக்காகவும் நினைக்கத்தக்கது. 1986 இல் அங்கு 33 சுகாதார நிலையங்களின் வாயிலாக 110,660 பேர் பரிசோதிக்கப்பட்டனர். முந்திய நிலையிலிருந்த 577 பேர் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். உணவுமுறை, தேகாப்பியாசம், இரண்டும் சேர்ந்தது, வழமையான கவனிப்பு என நான்கு பிரிவுகள் வகுக்கப்பட்டன. ஆட்களைத் தனித்தனியே பிரிக்காது, சுகாதார நிலையங்களையே பிரித்தமை இவ்வாய்வின் சிறப்பு.

கற்பிக்கப்பட்டவை எளியவை. காய்கறியைக் கூட்டுக, சீனியையும் மதுவையும் குறைக்க, பருத்தவர் மாதம் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை குறைக்க. தேகாப்பியாசத்துக்கு ஓர் அலகு வகுக்கப்பட்டது. 30 நிமிட மெதுநடை, 20 நிமிட விரைநடை, 10 நிமிட மெதுவோட்டம், 5 நிமிடக் கயிறடித்தல் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அலகு. ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஓர் அலகையேனும் கூட்டவேண்டும். முதல் மாதம் வாரந்தோறும், அடுத்த மூன்று மாதம் மாதந்தோறும், பின்னர் மூன்று மாதத்துக்கொருமுறை சிறு குழுக்களாகக் கூடி அவர்கள் ஆலோசனை பெற்றனர்.

ஆறாண்டு முடிவில், வழமையான கவனிப்புப் பெற்றோரில் 67.7 சதவீதத்தினர் நீரிழிவாளராயினர். ஏனைய மூன்று பிரிவுகளில் அத்தொகை 41 முதல் 46 சதவீதமே. 30 ஆண்டுத் தொடராய்வு 2019 இல் வெளியாயிற்று. ஆலோசனை பெற்றோருக்கு நோய் ஏறத்தாழ நான்காண்டு தாமதித்தது. இருதய நோயால் இறத்தல் 33 சதவீதம் குறைந்தது. சராசரி ஆயுள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கூடிற்று. ஆறாண்டு உழைப்பின் பயன் முப்பதாண்டு நின்றது.

இதன் பின்னணியிலுள்ள உடலியக்கம் விளங்குதற்கு அரிதன்று. இரத்தச் சீனியைத் தசைகளுக்குள் செலுத்துவதற்கு இன்சுலின் வேண்டும். கொழுப்பு ஏறிய ஈரலும் இயங்காத் தசையும் அதன் கட்டளைக்கு எளிதிற் பணிவதில்லை. சதையி மேலும் மேலும் சுரந்து ஈடுகொடுக்கிறது. ஈடுகொடுக்க இயலாதபோது சீனி உயர்கிறது. வேலை செய்யும் தசையோ இன்சுலினை எதிர்பாராமலே இரத்தச் சீனியை இழுத்துக்கொள்கிறது. பருப்பு, கீரை, தீட்டாத தானியம் ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருள், உணவிலுள்ள சீனி இரத்தத்திற் கலக்கும் வேகத்தைத் தணிக்கிறது. கிணறு வெட்டச் சொன்ன பழைய வைத்தியர் அறியாத காரணம் இதுவே.

பின்லாந்தில் 522 பேரிடம் நடந்து 2001 இல் வெளியான ஆய்வும், 2002 இல் வெளியான 3,234 பேர் பங்குகொண்ட அமெரிக்க ஆய்வும் இதனை உறுதிசெய்தன. இரண்டிலும் நோய் வரும் அபாயம் 58 சதவீதம் குறைந்தது. அமெரிக்க ஆய்வில் மெற்போமின் மாத்திரை 31 சதவீதமே குறைத்தது. அங்கு வைக்கப்பட்ட இலக்குகள் வாரத்துக்கு 150 நிமிட நடையும் 7 சதவீத எடைக் குறைப்புமாகும்.

தமிழராகிய நமக்குச் சென்னை ஆய்வு தனி முக்கியத்துவமுடையது. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்து 2006 இல் முடிவை வெளியிட்டனர். புத்திமதி மட்டும் பெற்றோரில் 55 சதவீதத்தினர் நோயுற்றனர். உணவையும் நடையையும் சீர்செய்தோரில் அது 39.3 சதவீதமே. இவர்கள் மேனாட்டாரைப் போல் பருத்தவர்கள் அல்லர். எடையிற் குறிப்பிடத்தக்க குறைவும் ஏற்படவில்லை. ஆயினும் பயன் விளைந்தது. மெலிந்த தோற்றமே பாதுகாப்பு என நம்புவோருக்கு இது எச்சரிக்கை. எடை குறையவில்லையே என மனந்தளர்வோருக்கு ஆறுதல்.

சான்றுக்கும் வாழ்வுக்கும் இடையில்

இவ்வாய்வுகளில் வென்றது எது? மனவுறுதி மட்டும் என்று நாம் கூறமாட்டோம். அமெரிக்க ஆய்வில் ஒவ்வொருவருக்கும் வழிகாட்டி ஒருவர் இருந்தார். 16 பாடங்கள் இருந்தன. தாச்சிங்கில் அழைத்துப் பரிசோதிக்கவும் குழுவாகக் கூட்டவும் சுகாதார நிலையங்கள் இருந்தன. தனிமனிதரின் முயற்சியைத் தாங்கிநின்றது ஓர் அமைப்பு. அவ்வமைப்பு இல்லாதவிடத்துச் சான்று ஏட்டளவில் நின்றுவிடுகிறது. இதற்குச் சீனமே உதாரணம். உலகுக்கு முதற் சான்றை வழங்கிய அந்நாட்டில், 2013 இல் எடுத்த கணக்கின்படி வயது வந்தோரில் 10.9 சதவீதத்தினர் நீரிழிவாளர், 35.7 சதவீதத்தினர் முந்திய நிலையினர். 577 பேருக்குச் செய்தது கோடிக்கணக்கான மக்களுக்குச் செய்யப்படவில்லை. சந்தையும் நகரமும் வேலைமுறையும் மாறிய வேகத்துக்குச் சுகாதார நிலையத்தின் ஆலோசனை ஈடுகொடுக்கவில்லை.

நமது நாட்டுக்கு வருவோம். 2005-2006 இல் நடத்தப்பட்ட ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினர் நீரிழிவாளர் என்றும், 11.5 சதவீதத்தினர் முந்திய நிலையினர் என்றும் கண்டது. ஐவரில் ஒருவர் என்பது இதன் பொருள். நோயுற்றோரில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதையே அறிந்திருக்கவில்லை. நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.7 சதவீதம். அவ்வாய்வு ஏழு மாகாணங்களிலேயே நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் கணக்கில் இல்லை. முட்கம்பிக்குள்ளும் இடப்பெயர்விலும் நிவாரண மாவை உண்டு வாழ்ந்த மக்களின் இரத்தத்தைப் பற்றிய கணக்கு அன்று எடுக்கப்படவில்லை. ஒல்லாந்துப் பஞ்சத்தின் பாடத்தை அறிந்தவர்களுக்கு இவ்விடைவெளியின் கனம் புரியும்.

செய்யக்கூடியவை இல்லாமலில்லை. சீனி கலந்த பானங்களுக்கு 2016 இல் நிறக்குறியீடும், 2017 இல் சீனியின் அளவுக்கேற்ற வரியும் இங்கு கொண்டுவரப்பட்டன. போத்தலுக்குள் இருப்பதை மக்கள் அறியும் உரிமையை அரசு ஏற்றுக்கொண்டமைக்கு அவை அடையாளம். ஆயின் பானத்தோடு பிரச்சினை முடிவதில்லை. பயறும் கீரையும் மீனும் குரக்கனும் வெள்ளை மாவைவிட எட்டாத விலையில் இருக்கும் வரையில் "நல்லுணவு உண்க" என்பது வெறுஞ்சொல். நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, இரவில் வீடு திரும்பிச் சமைக்கும் பெண்ணுக்கு நடப்பதற்கான அரைமணி நேரத்தை எவர் தருவார்? நடைபாதையும் வெளிச்சமும் இல்லாத வீதியில் அவள் எங்கு நடப்பாள்?

இங்குதான் ஆசிரியர்களும் மாணவர்களும் ஆற்றவேண்டிய பணி உள்ளது. பரீட்சைப் பாடங்களுக்காகத் தேகாப்பியாசப் பாடவேளை பறிக்கப்படும்போது அதனைக் காத்தல் வேண்டும். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எது விற்கப்படுகிறது என்பதைக் கேட்டல் வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலியோடு ஓய்வையும், வேலைத்தலத்திலேயே இரத்தப் பரிசோதனையையும் கோரல் வேண்டும். சன சமூக நிலையங்கள் மாலை நடைக்கும் பரிசோதனைக்கும் மக்களை ஒன்றுகூட்டல் வேண்டும். தாச்சிங்கின் 33 நிலையங்கள் செய்தது இவற்றினும் பெரிதன்று.

முந்திய நிலையிலுள்ள ஒருவர் இவையெல்லாம் நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டுமென நாம் கூறவில்லை. சோற்றின் அளவைக் குறைத்துக் கறியையும் கீரையையும் பருப்பையும் கூட்டலாம். தேநீரில் சீனியைத் தவிர்க்கலாம். நாளும் அரைமணி நேரம் விரைந்து நடக்கலாம். இவை பயன் தருபவை என்பதை விஞ்ஞானம் நிறுவிவிட்டது. அவற்றைச் செய்ய இயன்றவர் இன்றே தொடங்குதல் அறிவுடைமை. செய்ய இயலாதவரை இழித்துரைப்பது அறிவுமன்று, அறமுமன்று.

சுசுருதரின் காலத்து மருந்துச் சீட்டு செல்வனுக்கு ஒன்றும் வறியவனுக்கு ஒன்றுமாக எழுதப்பட்டது. இன்றைய சீட்டு எல்லோருக்கும் ஒன்றாகவே எழுதப்படுகிறது. ஆனால் அதனை நிறைவேற்றும் வசதி சிலருக்கே உண்டு. அவ்வசதி எல்லோருக்கும் கிடைக்கச் செய்வதே நீரிழிவுத் தடுப்பின் எஞ்சிய பாதி. முதற் பாதியை வைத்தியர்கள் முடித்துவிட்டனர். எஞ்சியது மக்களின் பணி.